மார்செய்யில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடுவது: மூன்று நாளுக்கான முழு வழிகாட்டி

தெற்கு பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்க்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகிறார்கள். சான் ஷார்ல் ரயில் நிலையத்தில் இறங்கி, நேராகப் பழைய துறைமுகத்துக்கு நடந்து, தண்ணீரைப் பார்த்தபடி போட்டிருக்கும் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, சூப்பும் மீனுமாக வரும் இந்த ஊரின் பேர்போன பண்டமான புய்யாபெஸ் கேட்கிறார்கள். மணி அப்போது மதியம் மூன்று. ஏதோ ஒன்று வருகிறது, சாப்பிடுகிறார்கள், "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள்.

ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள் என்று பலரை இந்த ஊரில் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போன பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: இங்கே எந்தக் கடை என்பதைவிட எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது முக்கியம். அதனால் இது கடைப் பட்டியல் இல்லை. செய்ய வேண்டியதை வரிசைப்படி எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் ஏதாவது ஒன்று கைநழுவும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

மார்செய்யில் உணவுக்கு மோசமான நாட்கள் ஞாயிறும் திங்களும். பல உணவகங்களுக்கு அந்த இரண்டு நாளும் விடுமுறை. ஊர் நடுவிலுள்ள நொவாய் பேட்டையின் கபூசின் சந்தை ஞாயிறு கிடையாது. ஆகஸ்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. சின்னக் குடும்பக் கடைகள் சில, இரண்டு மூன்று வாரம் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று நாள் கையில் இருந்தால் செவ்வாய் முதல் வியாழன், அல்லது வியாழன் முதல் சனி என்று வையுங்கள்.

அடுத்தது நேரம். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். இரண்டேகாலுக்குப் போய்க் கெஞ்சினாலும் காப்பிதான் கிடைக்கும். நொவாய் பக்கத்துச் சிறு கடைகளும் பேக்கரிகளும் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

மூன்றாவது காற்று. மிஸ்திரால் என்கிற வடமேற்குக் காற்று அடித்தால் சிறு படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுக மீன் மேசைகள் காலியாகக் கிடக்கும். கிளம்பும் முன் வானிலையைப் பார்க்கும்போது மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள்.

2. வந்ததும் ஒரு போன்: புய்யாபெஸ் முன்பதிவு

இதைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். ஒழுங்கான புய்யாபெஸ் செய்யும் இடங்கள் பலவற்றில் ஒரு நாள் முன்பாவது சொல்லி வைக்க வேண்டும். பல இடங்களில் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால்தான் தருவார்கள். காரணம் எளிது. அன்று பிடிபட்ட மீனை எத்தனை பேருக்கு வாங்குவது என்று சமையல்காரருக்குத் தெரிய வேண்டும்.

மேசை பதிவு செய்தால் மட்டும் போதாது. "புய்யாபெஸ் வேண்டும், இத்தனை பேர்" என்றும் சொல்ல வேண்டும். மேசை கிடைத்துப் போய் உட்கார்ந்த பிறகு "அது நேற்றே சொல்லியிருக்க வேண்டும்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மதியத்துக்குப் பதியுங்கள். ஏன் மூன்றாம் நாள் என்பது 9ஆம் பகுதியில்.

3. மனப்பாடம் செய்ய வேண்டிய நாலு சொல்

பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் இந்த நாலும் வேண்டும்.

சைவர்களுக்கு: "நி வியாந்த், நி புவாசோன்." இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று பொருள். வெறுமனே "சான் வியாந்த்", அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால், நெத்திலி போட்ட ஏதோ ஒன்று வந்து நிற்கும். கொடுப்பவர் மேல் தப்பில்லை. அவர்கள் கணக்கில் மீன் இறைச்சி இல்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு: "பா த பெஃப்." மெர்கேஸ் என்கிற சிவப்புத் தொத்திறைச்சியில் ஆடும் மாடும் கலந்திருக்கும், வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டிக்கு "அன்யோ".

தண்ணீருக்கு: "ஊன் கராஃப் தோ." குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். சும்மா "தண்ணீர்" என்றால் பாட்டில் வரும், பில்லில் ஏறும். சாப்பாட்டோடு வைக்கும் ரொட்டிக்கும் காசில்லை.

பில்லுக்கு: "லதிஸியோன்." கேட்காமல் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள், வைப்பது மரியாதைக் குறைவு. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் உங்கள் இஷ்டம்.

4. முதல் நாள் காலை: மீன் பார்க்க, வாங்க அல்ல

பழைய துறைமுகத்தின் உள்முனையில், கூரையே கண்ணாடி மாதிரி பளபளக்கும் பந்தல் ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் தினமும் காலையில் மீனவர்கள் மேசை போடுவார்கள். எட்டரை, ஒன்பதுக்குப் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் போனால் ஈர மேசையும் கடற்பறவைகளும்தான் மிச்சம்.

சமைக்க இடமில்லாதவர் ஏன் போக வேண்டும்? மூன்றாம் நாள் தட்டில் வரப்போவதன் முகத்தை இங்கே பார்த்துக்கொள்ளத்தான். ராஸ்காஸ் என்று கேளுங்கள். செம்பழுப்பு நிறம், தலை முழுக்க முள், கல்லும் பாசியும் சேர்ந்து மீனானது போல இருக்கும். முள்ளில் விஷம் உண்டு, தொட்டுப் பார்க்க வேண்டாம். பார்ப்பதற்கு ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று தோன்றும் இந்த மீன் இல்லாமல் இந்த ஊரில் சூப்பே கிடையாது.

5. அன்றே பதினொரு மணிக்கு: நொவாய்

துறைமுகத்திலிருந்து கனெபியேர் சாலையில் பத்து நிமிடம் மேலே நடந்தால் நொவாய். மெட்ரோ என்றால் இரண்டாம் வழித்தடம், அதே பெயரில் நிலையம். காலை உணவைத் தவிர்த்துவிட்டு வாருங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் "மல்பரோ, மல்பரோ" என்று காதோரம் குரல் கேட்கும். கள்ளச் சிகரெட் விற்பவர்கள். தலையாட்டாமல் நடந்தால் போதும். பையை முன்பக்கம் மாட்டுங்கள், போனை உள்பையில் வையுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்த அனுபவம் இருந்தால் இது எம்மாத்திரம். சில்லறைக் காசும் சின்ன நோட்டும் கையில் இருக்கட்டும். அட்டை வாங்காத கடைகள் உண்டு, வாங்கினாலும் குறைந்தபட்சத் தொகை கேட்பார்கள்.

முதலில் ஒரு சுற்று எதையும் வாங்காமல் நடங்கள். கபூசின் சந்தை, அதை ஒட்டிய லோங் தே கபூசின் தெரு, அப்புறம் ஓபாஞ் தெரு. புதினாக் கட்டு, உப்பு எலுமிச்சை, ஆலிவ் பீப்பாய், மரவள்ளி, வெண்டைக்காய், கருவாடு எல்லாம் வரிசையாக வரும். சலாதன் என்கிற மசாலாக் கடையில் மூட்டைமூட்டையாகத் திறந்து வைத்திருப்பார்கள். அல்ஜீரியா, துனிசியா, கொமொரோஸ், செனகல், ஆர்மீனியா என்று ஐந்தாறு நாட்டுச் சமையலறைக்கும் இந்த நாலு தெருதான் மளிகை. முதல் சுற்றில் வாங்கினால் முதல் கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். இரண்டாம் சுற்றில் இந்த வரிசை:

முதலில் மஹ்ஜூபா. அல்ஜீரியப் பலகாரம். ரவை மாவைக் கையால் இழுத்து இழுத்து, அடியில் இருக்கும் கல் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி, வெங்காயம் தக்காளி மிளகாய் வதக்கலை நடுவில் வைத்து, நாலு பக்கமும் மடித்துச் சுடுவார்கள். வீச்சுப் பரோட்டா போடுகிறவர் கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இழுப்பு அந்நியமாகவே இருக்காது. வழக்கமாகச் சைவம்தான். இரண்டு பேருக்கு ஒன்று போதும், இன்னும் நிறைய இருக்கிறது.

அடுத்து லப்லாபி, துனிசியர்களுடையது. ஓபாஞ் தெருவில் ஷே யாஸீன் இதற்குப் பேர்போன இடம். கிண்ணத்தில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் கொண்டைக்கடலையும் கொதிக்கும் கடலைச் சாறும் ஊற்றி, சீரகம், பூண்டு, ஹரிஸ்ஸா என்கிற மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, சூரை மீன் என்று அடுக்குவார்கள். மீன் வேண்டாதவர் "சான் தோன்" என்றும், முட்டை வேண்டாதவர் "சான் ஸெஃப்" என்றும் முன்பே சொல்ல வேண்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, மேலாகக் கரண்டியால் மொண்டு குடிப்பது. ஒருமுறை என் சித்தப்பா அப்படியே ஹரிஸ்ஸாவை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, கண் கலங்க, "டேய், இவங்களும் நம்மாளுங்கதான்டா" என்றார். இரண்டு கரண்டியால் அடிமுதல் கிளறி, ரொட்டி சாறோடு குழைந்து கூழான பிறகு சாப்பிட வேண்டும். பக்கத்து மேசைக்காரரைப் பாருங்கள், அவர் ஒரு நிமிடமாவது கிளறிக்கொண்டிருப்பார்.

சோறு கேட்கும் வயிறு என்றால் லப்லாபிக்குப் பதில் செனகல் கடை ஒன்றைத் தேடுங்கள். தியெபுதியேன் என்றால் மீனும் காய்கறியும் வெந்த தக்காளிச் சாற்றிலேயே வேகவைத்த சோறு. யாஸா என்றால் வெங்காயமும் எலுமிச்சையும் போட்ட கோழி. மாஃபே வேர்க்கடலைக் குழம்பு. மதியத்திலேயே கேளுங்கள், சாயங்காலத்துக்குள் பானை தீர்ந்துவிடலாம்.

கடைசியில் மக்ரூத். ரவைக்குள் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்துத் தேனில் போட்டது. ஒன்று மட்டும், புதினாத் தேநீரோடு. ரமலான் மாதத்தில் வந்தால் இந்தத் தெருக்களுக்கு மாலையில் வாருங்கள். நோன்பு திறப்பதற்கு முந்தைய மணி நேரத்தில் பலகாரம் நடைபாதை வரை வழியும்.

6. கூஸ்கூஸை இரவுக்கு வைக்காதீர்கள்

ஆவியில் வெந்த ரவையும் சாறும் இறைச்சியுமாக வரும் வட ஆப்பிரிக்கச் சாப்பாடு, கனமானது. இரண்டாம் நாள் மதியம்தான் சரியான இடம். நொவாய்க்கு அருகிலேயே மியூசே தெருவில் லு ஃபெமினா 1921 முதல் இருக்கிறது. அல்ஜீரியாவின் கபீல் மக்கள் முறைப்படி பார்லி ரவையில் செய்வது அங்கே விசேஷம். கோதுமை ரவையைவிடக் கருத்து, கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். இரண்டும் இருந்தால் பார்லியைக் கேளுங்கள்.

ரவை தனி, காய்கறிச் சாறு தனி, இறைச்சி தனி என்று வரும். கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ரவை சாற்றைக் குடித்து ஊதிக்கொண்டே இருக்கும், பாதியில் களியாகிவிடும். தட்டில் கொஞ்சம் ரவை, அதற்கு இரண்டு கரண்டிச் சாறு, முடிந்ததும் மறுபடி. ஹரிஸ்ஸாவை நேராகப் போடாமல் ஒரு கரண்டிச் சாற்றில் கரைத்து ஊற்றினால் எல்லா இடத்திலும் பரவும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "காய்கறிக் கூஸ்கூஸ்" என்று எழுதியிருந்தாலும் சாறு இறைச்சியோடு வெந்ததாக இருக்கலாம். 3ஆம் பகுதியில் சொன்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சாற்றைக் காட்டி, சாறு என்று பொருள்படும் "புய்யோன்?" என்று கேளுங்கள்.

7. அன்று இரவு பிட்சா

இத்தாலியக் குடியேறிகள் அதிகம் வந்த ஊர், பிட்சா இங்கே அன்றாடச் சாப்பாடு. மாலையில் தெருமுனைகளில் பிட்சா வண்டிகள் நிற்கும், வண்டிக்குள்ளேயே அடுப்பு. ஆர்டர் சொல்லி, எத்தனை நிமிடம் என்று கேட்டு, ஒரு சுற்று நடந்து வந்து வாங்குவதுதான் முறை. சும்மா வரிசையில் நிற்பவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

கேட்க வேண்டியது "முவாத்தியே முவாத்தியே": பாதி நெத்திலி, பாதி சீஸ். மார்செய்க்கே உரிய கணக்கு இது, முழுதாக நெத்திலி என்றால் உப்பு தாங்காது. சைவர்கள் "ஃப்ரொமாழ்" என்றால் முழுதும் சீஸ்.

உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் லு பானியே பேட்டையின் மேட்டில் ஷே எத்தியேன். பிட்சாவோடு, பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வறுத்த குட்டிக் கணவாய் ஒரு தட்டு. அதை நான் பிட்சாவுக்கு மேலாகவே வைப்பேன்.

8. மூன்றாம் நாளுக்குமுன் ஒரு சாயங்காலம்: லெஸ்தாக்

ஊரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் பழைய மீனவர் பகுதி. கோடையில் பழைய துறைமுகத்திலிருந்தே படகு போகும். மற்றபடி மெட்ரோவில் ஜோலியேத் போய், 35ஆம் எண் பேருந்து. படகில் போக முடிந்தால் போங்கள், ஆனால் மிஸ்திரால் அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பேருந்து வழியையும் தெரிந்து வைத்திருங்கள்.

இங்கே படகுத்துறை எதிரில் சிறு குடில்களில் இரண்டே பண்டம். பானிஸ்: கடலை மாவைத் தண்ணீரில் களி போலக் கிண்டி, உருளையாக ஆறவிட்டு, வில்லையாக நறுக்கிப் பொரிப்பது. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. உப்பும் மிளகும் மட்டும். மற்றது ஷிஷி ஃப்ரேஜி: ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும் நீளமான மாவுப் பொரியல், சர்க்கரையில் புரட்டியது.

இரண்டையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். பானிஸ் ஆறினால் ரப்பர். அதை வாங்கி, நின்றபடி முடித்து, அப்புறம் ஷிஷிக்கு மறுபடி வரிசையில் நில்லுங்கள்.

9. மூன்றாம் நாள் மதியம்: புய்யாபெஸ்

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் சாப்பிட்டால் உங்களுக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. ராஸ்காஸின் முகம் தெரியாது, பிரெஞ்சில் தண்ணீர் கேட்கத் தெரியாது, பயணக் களைப்பு வேறு. விலையோ ஆளுக்கு 60 யூரோவுக்குக் கீழ் இறங்குவது அபூர்வம், 80, 90 என்றும் போகும். அதைத் தூக்கக் கலக்கத்தில் செலவழிக்காதீர்கள்.

துறைமுகப் பலகையில் 20, 25 யூரோவுக்கு புய்யாபெஸ் என்று எழுதியிருந்தால் நடையைக் கட்டுங்கள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வந்தது மீன் சூப்பும் அதில் மிதந்த நாலு துண்டும். மலிவாகச் சாப்பிட நினைத்தால் "சூப் த புவாசோன்" என்று நேர்மையாக எழுதியிருக்கும் மீன் சூப்பைக் கேளுங்கள். அது தனியே நல்ல பண்டம்தான்.

1980இல் சில உணவகக்காரர்கள் சேர்ந்து இதற்கென்று ஒரு சாசனமே எழுதினார்கள். ராஸ்காஸ், கடல் விலாங்கு, சான் பியேர், போத்ருவா என்று பெயர் குறித்த மீன் வகைகளில் குறைந்தது நாலாவது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் தரம் பார்க்க அது போதும்: "இன்று என்னென்ன மீன்?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் தட்டோடு கொண்டுவந்து காட்டி, பெயர் சொல்லுவார்கள். பதில் "கலவை" என்றால் எழுந்துவிடலாம்.

இடம்: வலோன் தேஸ் ஓஃப் என்கிற குட்டிப் படகுத்துறை. அங்கே ஷே ஃபோன்ஃபோன் நெடுங்காலமாக இதற்குப் பெயர் பெற்றது. பழைய துறைமுகத்திலிருந்து 83ஆம் எண் பேருந்து கடலோரமாகவே போகும், வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்.

சாப்பிடும் முறை: முன்பசிக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் சூப் மட்டும் வரும். கூடவே வறுத்த ரொட்டி வில்லை, பச்சைப் பூண்டு, ரூய். ரூய் என்பது பூண்டு, மிளகாய், குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த துவையல். வில்லையில் பூண்டைத் தேய்த்து, ரூய் தடவி, சூப்பில் மிதக்க விட்டு, அது நனைந்தும் நனையாமலும் இருக்கும்போது எடுத்துவிடுங்கள். சூப் தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள், கேட்கக் கூச வேண்டாம். ஆனால் முதல் சுற்றிலேயே நாலு தட்டு குடித்துவிடாதீர்கள். மீன் இனிமேல்தான்.

பிறகு உங்கள் எதிரிலேயே மீனை முள் நீக்கி, உருளைக்கிழங்கோடு இரண்டாம் தட்டில் வைப்பார்கள். அந்த வேலையைப் பாருங்கள். கரண்டியின் முதுகால் நடுமுள்ளை ஒட்டி ஒரே இழுப்பு, சதை அப்படியே கழன்று வரும். ராஸ்காஸின் கன்னச் சதையைத் தூக்கி எறிய விடாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு விரல்கடை அளவுதான், அந்தத் தட்டிலேயே ருசியானது அதுதான்.

அன்று இரவு யாருக்கும் பசிக்காது. எதுவும் பதிவு செய்ய வேண்டாம்.

10. குளிர்காலத்தில் வருபவர்களுக்கு மட்டும்

கடல் முள்ளெலி என்று சொல்லத் தக்க ஊர்சான், குளிர்கால மாதங்களில்தான் பிடிக்க அனுமதி. பாதியாக வெட்டி வைப்பார்கள். உள்ளே நட்சத்திரம் போல ஐந்து ஆரஞ்சு நாக்குகள். ரொட்டித் துண்டாலேயே வழித்துச் சாப்பிடுவது வழக்கம். மட்டித் தட்டில் தோல் சுருங்கிய உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று இருந்தால் அது வியோலே. உள்ளே மஞ்சளாக, கடுமையான அயோடின் வாடையோடு இருக்கும். பந்தயத்துக்குக்கூட நான் இரண்டாவது சாப்பிட்டதில்லை.

11. பாஸ்தீஸ்

குடிப்பவர்களுக்கு: சோம்பு மணக்கும் மது, 45 சதவீதம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். ஐஸை முதலில் போட்டால் சோம்பு எண்ணெய் குளிரில் உறைந்து பிரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் குடிப்பது, சாப்பாட்டோடு அல்ல.

12. கிளம்பும் காலை: நவெத்

ஊருக்கு எடுத்துப்போக மக்ரூத் வாங்காதீர்கள், தேன் கசிந்து துணியெல்லாம் பிசுபிசுக்கும். நவெத் வாங்குங்கள். படகு வடிவில், நடுவில் கீறல் போட்ட, ஆரஞ்சுப்பூ மணமுள்ள பிஸ்கட். சான் விக்தோர் மடத்துப் பக்கம் சாந்த் தெருவில் 1781 முதல் இருக்கும் ஃபூர் தே நவெத் கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும். காலையிலேயே போனால் சூடாகக் கிடைக்கலாம். சூட்டில் மெதுவாக இருக்கும், ஆறினால் கல். ஊருக்குக் கொண்டுபோன பிறகு பாட்டிக்குக் கொடுப்பதாக இருந்தால் காப்பியில் நன்றாக ஊறவைத்துக் கொடுங்கள்.